சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாயிற்று. வேலைக்கு எப்படித் தயாராவது?

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு வழி சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பையனுக்கும், ஒரு பாடத்தில் தவறிய பெண்ணுக்கும், கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் 'ஏதாவது ஒரு டிப்ளமோ படி' என்ற ஒரே வரியோடு பேச்சு முடிந்துவிடும். அந்த 'ஏதாவது' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பாலவாக்கம், கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் வசிக்கும் நம் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சமுதாயக் கல்லூரி' என்று கேட்டதும் 'நம் சமுதாயத்தார் நடத்தும் கல்லூரி' என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்குச் 'சமுதாயம்' என்றாலே அந்தப் பொருள்தானே முதலில் வரும்! ஆனால் இது ஒரு கல்வி முறையின் பெயர். கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு அவர்கள் வசிக்கும் பகுதியிலேயே, அங்குள்ள வேலைகளுக்கு ஏற்ற தொழிலைக் குறைந்த செலவில், குறுகிய காலத்தில் சொல்லிக் கொடுப்பதே இதன் நோக்கம். அமெரிக்காவில் வளர்ந்த இந்த முறை 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வழியாக இங்கே வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. சேவியர் அல்போன்ஸ் என்ற இயேசு சபைக் கல்வியாளர் இதை நாடெங்கும் கொண்டுபோனார். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல தொண்டு நிறுவனங்களின் மையங்களைச் சமுதாயக் கல்லூரிகளாக அங்கீகரித்தது. 2013 வாக்கில் யு.ஜி.சி.யும் ஏற்கெனவே உள்ள கல்லூரிகளுக்குள் சமுதாயக் கல்லூரி நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது.

ஆக, ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டுவதால்தான் பின்னால் வருத்தம் வருகிறது.

யு.ஜி.சி. திட்டத்தில் நடக்கும் படிப்புகள் கிரெடிட் கணக்கில் அமைந்தவை. ஆறு மாதம் படித்தால் சான்றிதழ், ஓராண்டில் 60 கிரெடிட்டுடன் டிப்ளமோ, இரண்டாண்டில் 120 கிரெடிட்டுடன் அட்வான்ஸ்டு டிப்ளமோ. பாடத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு கைத்தொழில் பயிற்சி, நாற்பது பங்கு மொழி முதலிய பொதுக்கல்வி. 2014-ல் வந்த பி.வோக் என்ற மூன்றாண்டுத் தொழிற்பட்டமும் இதே அளவுகோலில் அமைந்தது. அதனால் டிப்ளமோ முடித்தவர் அதே துறையில் மேலே படித்துப் பட்டம் வரை போக வாய்ப்புண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்ற மையங்கள் தரும் தொழிற்கல்வி டிப்ளமோ வேறு. பள்ளியை இடையில் விட்டவரும் சேரலாம் என்பது அதன் பெரிய நன்மை. தொழில் கற்று வேலைக்குப் போக அது உதவும். ஆனால் அது பிளஸ் டூவுக்கு ஈடல்ல.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து, வாசலில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்று போர்டு மாட்டிய இடம். சேரும் முன் அங்கே ஒன்று கேளுங்கள்: 'சான்றிதழில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?' பல்கலைக்கழகம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்ற கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சைதாப்பேட்டையில் இருக்கிறது; நேரில் போய்க்கூடச் சரிபார்க்கலாம். கடிதத்தைக் காட்டத் தயங்குகிற இடத்தில் கட்டணம் கட்ட வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'ஒரு வருட நர்ஸிங்' என்ற பெயரில் நடக்கும் படிப்பு பலவற்றில் தருவது உதவியாளர் பயிற்சி மட்டுமே. நர்ஸ் என்று பணிபுரிய வேண்டுமானால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்ஸிங் படித்து மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற வேண்டும். மருத்துவமனை உதவியாளர் வேலை கண்ணியமான வேலைதான். நம் பகுதியைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் அதற்குத் தேவையும் இருக்கிறது. ஆனால் நர்ஸ் ஆகப் போகிறோம் என்று நம்பிச் சேர்ந்த பெண், இரண்டு வருடம் கழித்து உண்மையை அறிவது கொடுமை.

அரசு வேலைக் கனவு உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. 2009 ஆகஸ்டில் தமிழக அரசு பிறப்பித்த அரசாணை எண் 107-ன்படி, பத்தாம் வகுப்பு, அதன்பின் பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லும். ஆயத்தப் படிப்பு எழுதி, பிளஸ் டூ இல்லாமலே பட்டம் வாங்கியவர்கள் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் திரும்பி வந்த கதை நிறைய உண்டு. ஆகவே பிளஸ் டூவில் ஒரு பாடம் நின்றுபோன பிள்ளை, சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாலும் துணைத்தேர்வு எழுதி அந்தப் பாடத்தை முடித்துவிட வேண்டும். தனித்தேர்வராகவும் எழுதலாம். ஒரு பாடத்தைப் பாக்கி வைப்பது பின்னால் ஒரு பட்டத்தையே செல்லாததாக்கிவிடும்.

சில வீடுகளுக்குச் சமுதாயக் கல்லூரியை விடப் பொருத்தமான இடம் பக்கத்திலேயே இருக்கும். தரமணியில் மத்திய பாலிடெக்னிக் கல்லூரியும், பெண்களுக்கென்றே டாக்டர் தர்மாம்பாள் அரசு பாலிடெக்னிக் கல்லூரியும் இருக்கின்றன. கிண்டியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பெண்களுக்குத் தனி ஐ.டி.ஐ.யும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர் நேரடியாக மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் அதன் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒவ்வொரு படியிலும் அடுத்த கதவு திறந்தே இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். 'ஐ.டி.ஐ.யா?' என்று முகம் சுளிக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். ஏசி மெக்கானிக்கும் எலெக்ட்ரீஷியனும் இல்லாமல் ஈசிஆரில் ஒரு ஹோட்டல் ஒரு நாள் ஓடாது.

உதவித்தொகை விஷயத்திலும் படிப்பின் வகை பார்த்துத்தான் பணம் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு, பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களும் பிறகு சேர்க்கப்பட்டார்கள். ஆனால் தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இது கிடையாது. எனவே 'இந்தப் படிப்புக்குப் புதுமைப்பெண் பணம் வருமா?' என்று சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்பது நல்லது. அந்த ஒரு பதிலிலேயே படிப்பின் தகுதியும் பாதி தெரிந்துவிடும்.

தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், அதாவது டாம்கோ, தொழிற்கல்விக்குக் கடன் தருகிறது. வங்கியை விட வட்டி குறைவு என்றாலும் அதில் வட்டி உண்டு; அதனாலேயே பல குடும்பங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடனே தேவைப்படாத வழி ஒன்றிருக்கிறது. நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தாததால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

அதுதான் அப்ரெண்டிஸ் பயிற்சி. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். பழகுநருக்கு மாத உதவித்தொகை உண்டு. 2019-ல் திருத்திய விதிகளின்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தது 6,000, ஐ.டி.ஐ. அல்லது பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இதை மேலும் 36 சதவீதம் உயர்த்த 2025-ல் மத்திய பழகுநர் கவுன்சில் பரிந்துரை செய்தது. பட்டதாரிகளுக்கும் பாலிடெக்னிக் டிப்ளமோகாரர்களுக்கும் இதை ஏற்பாடு செய்யும் தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் எங்கே இருக்கிறது தெரியுமா? தரமணி சி.ஐ.டி. வளாகத்தில். தென் மாநிலங்களுக்கே தலைமை அலுவலகம். பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர் வழியாக அரை மணி நேரத்தில் போய்விடலாம். மற்றவர்களுக்கு தேசிய பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று இன்னொரு இணையதளம் உண்டு. இரண்டிலும் பதிவு இலவசம்.

இது நிரந்தர வேலை அல்ல. பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வைத்துக்கொள்ளும் என்ற உறுதியும் கிடையாது. ஆனால் நேர்முகத் தேர்வில் 'அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பதுதானே நம் பிள்ளைகளின் முதல் தடை? ஓராண்டுப் பழகுநர் சான்றிதழ் அந்தத் தடையை நீக்குகிறது.

ஏற்கெனவே மெக்கானிக் ஷெட்டிலோ தையல் கடையிலோ பல வருடம் வேலை பார்த்துவிட்டு, காகிதம் எதுவும் இல்லாத அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு உண்டு.

சமுதாயக் கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே செய்ய வேண்டிய தயாரிப்பும் இருக்கிறது. இந்தக் கல்வி முறையில் வேலை இடத்தில் பயிற்சி என்பது பாடத்தின் ஒரு பகுதி. பல பிள்ளைகள் அதைக் கடனே என்று முடித்துவிட்டு வருகிறார்கள். எத்தனை நாள், எந்தப் பிரிவில், என்ன வேலை செய்தோம் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி, கடைசி நாளில் மேற்பார்வையாளரிடம் நிறுவனத் தாளில் ஒரு கடிதம் வாங்கிவிட வேண்டும். தைத்த துணி, போட்ட வயரிங், செய்த கேக் எதுவாக இருந்தாலும் போட்டோ எடுத்து வைக்கலாம். 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணிபுரிவேன்' என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் பயோடேட்டாவை விட இந்த நோட்டும் கடிதமும் பேசும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி மாணவர்களுக்கு 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கணினி, ஆங்கிலம், துறை சார்ந்த குறும்படிப்புகள் நடக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம். பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சுத் தேர்வு முடித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பதவிக்குத் தனி வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே தினம் ஒரு மணி நேரம் போய்ப் படிக்கக்கூடிய இது, வெளியூர் போக முடியாத நம் பெண்களுக்கு ஏற்ற தயாரிப்பு.

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதியிலிருந்து வரும். அதில் நாற்பது சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் உர்தூ பேசும் பிள்ளைகளும், ஆங்கிலப் பள்ளியில் வேறு மொழிப்பாடம் எடுத்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ்ப் பாடநூல்களை வரிசையாகப் படித்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். படிக்க வீட்டில் இடமில்லையா? திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் இந்திரா நகர், கஸ்தூரிபாய் நகர் தாண்டிக் கோட்டூர்புரம். அங்கே 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போட்டித்தேர்வு நூல்களும் இருக்கின்றன, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமும் இருக்கிறது. நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலும் வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலும் அரசு நடத்தும் இலவசப் போட்டித்தேர்வுப் பயிற்சி மையங்கள் உள்ளன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் டிக்கெட் இல்லை என்பதால், பஸ் செலவு என்ற காரணமும் இப்போது இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு காகிதம்: சாதிச் சான்றிதழ். 2007 முதல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் வேலையிலும் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கு இது உரியது. சான்றிதழில் பிரிவின் பெயர் இருக்க வேண்டும். 'இஸ்லாம்' அல்லது 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அப்படி எழுதிவிட்டு, பின்னால் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிற அத்தாக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே அத்தா அல்லது தாத்தாவின் பழைய சான்று ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். சோழிங்கநல்லூர் தாலுகா 2018-ல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. அதனால் பழைய சான்றுகளில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருப்பதைக் கண்டு பதற வேண்டாம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் மறக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பழைய மூப்பு போய்விடும். தனியார் வேலைகளுக்கு அரசே தனி இணையதளம் நடத்துகிறது. வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்புகளும் அதில் வரும். பெண்ணை வேலைக்கு அனுப்பும் வீட்டில் 'பாதுகாப்பாக இருக்குமா?' என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு அக்கம்பக்கத்துப் பேச்சை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். குழுவின் தலைவர் யார், வேலை நேரம் என்ன, இரவானால் வண்டி உண்டா என்று சேரும் முன்பே கேட்கலாம். ஒழுங்கான நிறுவனம் இதற்குக் கோபப்படாது.

ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது பெரிய செலவில்லாத வேலை. ஜுமுஆ முடிந்து ஒரு மணி நேரம், கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் போதும். தகுதியுள்ள ஏழைப் பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவுவது பற்றி உங்கள் இமாமிடம் பேசுங்கள்.

கடைசியாக, வளைகுடா. பாலவாக்கத்தில் ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அதே மூன்று எழுத்துக்கு வேறு பொருள்: குடியேற்ற அனுமதி தேவை என்பது. பத்தாம் வகுப்பு தேறாதவர் சவூதி, அமீரகம், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதி வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் அது தேவைப்படாது. டிப்ளமோவை அங்கே காட்ட வேண்டுமானால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் தேவைப்படலாம். அங்கீகாரம் இல்லாத மையத்தின் தாள் அந்த வரிசையில் முதல் மேசையைக்கூடத் தாண்டாது. ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. அதன் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துப் போய் வாருங்கள்.